கறுப்புக் கம்பு

கம்பு எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை ஐயா. நிலம் அளக்கப் போகிறவன் மூன்று வகைக் கம்புகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். அலுமினியக் கம்பு மலிவு, கீழே போட்டாலும் தாங்கும். ஆனால் வெயிலில் பிடித்து நிற்கிறவன் கை வெந்துவிடும். மஞ்சள் நிறக் கண்ணாடியிழைக் கம்பு கொஞ்சம் கனம், காற்றில் ஆடும். ஆனால் அதில் மின்சாரம் ஏறாது. கறுப்புக் கார்பன் கம்பு இறகு மாதிரி, நாள் முழுக்கப் பிடித்தாலும் தோள் வலிக்காது. எங்கள் அலுவலகக் கருவி அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. எந்த இடத்துக்கு எந்தக் கம்பு என்று பார்த்து நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முக்காலியில் கருவியைப் பூட்டி, அதன் தொலைநோக்கியில் நான் கண்ணை வைத்திருப்பேன். தூரத்தில் ஒருவன் அளக்க வேண்டிய புள்ளியில் கம்பை ஊன்றி நிற்பான். கம்பின் தலையில் பிரிசம் இருக்கும், உள்ளங்கை அகலக் கண்ணாடி. கருவி விடும் ஒளி அதில் பட்டுத் திரும்பி வந்தால் அளவு கிடைத்துவிடும். கம்பின் நடுவில் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு நீர்க்குமிழி. அது வட்டத்துக்குள் நின்றால் கம்பு நேராக நிற்கிறது என்று அர்த்தம். செடிகொடி மறைத்தால் நான் உள்ளங்கையை மேலே தூக்குவேன், அவன் கம்பின் உள்தண்டை மேலே இழுத்து நீட்டுவான். கீழே காட்டினால் இறக்குவான்.

அந்த ஒருவன் என் மச்சினன். மனைவியின் தம்பி.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் வேலை கிடைக்கும்வரை என்று ஒரு பையோடு வந்தான். வேலையை நானே வாங்கிக் கொடுத்தேன், அதுவும் என் எதிரே கம்பு பிடிக்கும் வேலை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். எங்களுடையது இரண்டு அறை வீடு. முன்னறையில் அவன் படுக்கை. என் வீட்டுக்குள் நான் நுழைய அவன் காலைத் தாண்ட வேண்டும்.

அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். ஓயாமல் பேசுவான், பேசாத நேரத்தில் சீழ்க்கை அடிப்பான். எப்போதும் ஒரே மெட்டு. கடைசி அடியை மட்டும் முடிக்க மாட்டான், மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே வந்து நிற்பான்.

"மாமா, உள்ளதானே இருக்கீங்க?"

"ஆமா, என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா, சும்மா கேட்டேன்."

வீட்டில் அவன் முகம். வண்டியில் பக்கத்து இருக்கையில் அவன் முகம். வேலைக்குப் போய்த் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால், எங்கோ நிற்கிறவனை அது என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். அங்கேயும் உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்பான். சத்தம் எட்டாத தூரம்தான். ஆனால் எனக்குக் கேட்கும்.

மனைவியிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன். "தம்பிக்குத் தனியா ஒரு ரூம் பாத்துடலாமா?"

"ஏங்க, அவன் உங்கள என்ன பண்ணான்? உங்க மேல உசுரையே வெச்சிருக்கான்."

அது உண்மைதான். அடித்தான், திருடினான் என்றால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். பிரியமாக இருக்கிறான் என்று யாரிடம் போய் முறையிடுவது? எனக்கு மூச்சு முட்டியது ஐயா. அதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

முன்பெல்லாம் எங்கள் இருவரிடமும் வாக்கி டாக்கி இருந்தது. அதிலும் பாடினான். கை காட்டினால் போதும் என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அப்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, கொஞ்சம் அமைதி கிடைக்குமே என்றுதான் செய்தேன். தொழில் கற்றுக்கொடுத்தபோது, "மேல பாக்காத. குமிழியப் பாரு, என் கையப் பாரு. வேற எங்கயும் கண்ணு போகக் கூடாது" என்று சொன்னதும் முறையான பாடம்தான். நல்ல கம்புக்காரன் அப்படித்தான் நிற்பான். அவன் மிக நல்ல கம்புக்காரன்.

ஊருக்கு வெளியே மண் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன ஒரு மனை. தரை உயர்ந்துவிட்டதால், குறுக்கே போகும் மின்கம்பி தாழ்வாகத் தெரியும். நான் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மஞ்சள் கம்பு எடுக்க வேண்டிய இடம், சந்தேகமே இல்லை. மறுநாள் காலை மஞ்சளை வண்டியின் பின்பக்கம் போட்டேன். கறுப்பை அவன் கையில் கொடுத்தேன்.

"மாமா, அங்க கரண்டு கம்பி போகுதுன்னீங்களே, இது பரவாயில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கம்பை விரலால் சுண்டிப் பார்த்தான். "அட, இது இரும்பு இல்லையே. பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கு" என்று சிரித்தான்.

எங்கள் தொழிலில் பலர் செய்கிற தவறு இது. உலோகம் இல்லை என்றால் பயம் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். கார்பன் உலோகம் இல்லைதான், ஆனால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தை அது கடத்தும். அவனே கேட்டான், பதிலையும் அவனே சொல்லிக்கொண்டான். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இதை நீங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேட்டில் கம்பை ஊன்றினான். நடுவில் புதர் இருந்ததால் பிரிசம் பாதிதான் தெரிந்தது. உள்ளங்கையைத் தூக்கினேன், நீட்டினான். மறுபடி தூக்கினேன். இப்போது பிரிசம் முழுதாகத் தெரிந்தது, அளவும் வந்துவிட்டது. அதற்குமேல் கையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. தூக்கினேன். அவன் என் கையைப் பார்த்தான், பிறகு குமிழியைப் பார்த்தான். உதடு குவிந்திருந்தது.

பிறகு, பிரிசம் இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. அதற்கப்புறம்தான் ஓடினேன். கடைசியாகக் கிடைத்த அந்த அளவு சுத்தமான அளவு. வரைபடத்தில் அதையே போட்டிருக்கிறேன்.

விபத்து என்று முடித்துவிட்டார்கள். மஞ்சள் கம்பு வண்டியில்தானே இருந்தது என்று மேலதிகாரி கேட்டார். லேசாக இருக்கிறதே என்று அவனே கறுப்பை எடுத்திருப்பான் என்றேன். போனவன் வந்து மறுக்கப் போவதில்லை. முன்னறை காலியானது. நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். மனைவி அழுதுகொண்டே இருந்தாள். அழுகை என்னைத் தொந்தரவு செய்யவில்லை, அதில் மெட்டு எதுவும் இல்லையே.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அலுவலகம் இரக்கப்பட்டு, தம்பியின் வேலையை அக்காவுக்கே கொடுத்தது.

"அவன் நின்ன எடத்துல இனிமே நான் நிக்கிறேங்க. உங்களத் தனியா விட எனக்கு மனசு வரல" என்றாள்.

வீட்டில் அவள் முகம். வண்டியில் அவள் முகம். தொலைநோக்கியிலும் அவள் முகம், தம்பியின் அதே மூக்கோடு. வேலையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். குமிழியையும் என் கையையும் தவிர வேறு எங்கும் அவள் கண் போகாது. இன்று காலை அவளுடைய உதடு மெல்லக் குவிவதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். அதே மெட்டு. அவளும் கடைசி அடியை முடிக்கவில்லை.

அவள் கையில் இருந்தது கறுப்புக் கம்பு. ஏன் அதை எடுத்தேன் என்று கேட்காதீர்கள், கை அதைத்தான் எடுத்தது. அவள் தலைக்கு மேலே மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. என் கை பாதிவரை எழும்பியதும் நான் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். கருவியை அப்படியே போட்டுவிட்டு நேராக இங்கே நடந்து வந்தேன். என் கை மறுபடி எழும் என்று அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். யாரையாவது அனுப்பிக் கம்பை இறக்கச் சொல்லுங்கள்.

அவளைக் காப்பாற்றத்தான் வந்தேன் ஐயா. மனிதன் என்றால் அந்த அளவுக்காவது மனசாட்சி வேண்டாமா? என் மச்சினனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், என்னை உள்ளே அடைத்துவிடுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும், தனி அறையாக இருந்தால் நல்லது. உள்ளே யாரோ சீழ்க்கை அடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர் இங்கே ரொம்ப நாள் இருப்பாரா?