பிடிச்சிருச்சா?

காளவாசலில் பஸ் ஏறினேன். பக்கத்து வரிசை சீட்டில் மரம் வெட்டுகிற ஒருவர், மடியில் கயிற்றுப் பையோடு இருந்தார். அவரோடு வாட்ச்மேன் சட்டை போட்ட ஒருவர். முன்பு சேர்ந்து மரம் வெட்டப் போனவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“இப்பல்லாம் நானே கேட்டுக்கிட்டு, நானே பதிலும் சொல்லிக்கிறேன் மாப்ள” என்றார் மரக்காரர். அதைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

“என்னத்தண்ணே கேக்குறீக?”

“நான் மரத்துல ஏறுறப்ப நீ கீழ நின்னுக்கிட்டு, முடிச்சு ‘பிடிச்சிருச்சா’ன்னு கேப்பியே, அதேன்.”

அவர் கையில் பெரிய கயிறு. அதில் சின்னக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். தளர்த்தினால் முடிச்சு மேலே நகர்ந்தது. இழுத்தால் இறுகி நின்றது. மரத்தில் அதை நம்பித்தான் ஆள் தொங்க வேண்டும்.

“சின்னக் கயித்து நுனியில வளையமா காது பின்னியிருக்கே, யாருண்ணே பின்னுனது?”

“நாந்தேன். ஒத்த ஆளுக்கு வீட்டுல வேற என்ன சோலி?”

வாட்ச்மேன் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

“நாளைக்கு கே.கே. நகர்ல ஒரு தூங்குமூஞ்சி மரம். அம்புட்டு உசரம். ஒரு நாள் வந்து கீழ நில்லேன்.”

“டூட்டிண்ணே. லீவு தரமாட்டாக. வேற ஆளப் பாருங்க.”

“ஆளு கிடைப்பாக. போனப் பாத்துக்கிட்டு நிப்பாக. கேக்க மாட்டாக.”

வாடிப்பட்டிக்கு முன்னால், ஒரு மில் வாசலில் வாட்ச்மேன் இறங்கினார். “வாரேண்ணே.”

மரக்காரர் முடிச்சை ஒருமுறை இழுத்தார்.

“பிடிச்சிருச்சா?” என்றார் மெதுவாக.

நான் பார்ப்பதைக் கண்டதும் பதில் சொல்லாமல் கயிற்றைப் பைக்குள் வைத்தார்.