பச்சைத் தண்ணி வந்த வழி

— இல்லக்கா, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா வேற எதையாவது பேசிட்டு எழுந்து போயிடுவேன்.

— அக்காவா? இத்தனை வருஷம் லாண்டரிக்காரம்மான்னுதானே கூப்பிட்டீங்க, டீச்சர். சரி, சொல்லுங்க. நான் தேய்ச்சிக்கிட்டே கேக்கறேன். துவைக்கிற வேலைதான் நின்னு போச்சு, தேய்க்கிறதாவது நடக்கட்டும்.

— அதுக்காகத்தான் வந்தேன். உங்க கடைக் குழாய்க்கு சீல் வெச்சு எத்தனை நாள் ஆச்சு?

— இன்னியோட நாப்பத்தோரு நாள். மெஷின் ரெண்டையும் துணி போட்டு மூடி வெச்சிருக்கேன் பாருங்க. கூட வேலை பாத்த ரெண்டு பொண்ணுங்களையும் வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டேன். மனு எழுதினவங்க நீங்க. தேதி உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும். வீடு வீடா ஏறி அம்பத்தி மூணு கையெழுத்து வாங்கினவ நான்தான். மழைத்தண்ணி வாய்க்கால்ல சாக்கடை கலக்குது, அது லாண்டரியிலேர்ந்துதான் வருதுன்னு எழுதினதும் நான்தான். கண்ணால பாத்தேனான்னு கேட்டா, பாக்கல. தெருவுலயே அதிகமாத் தண்ணி புழங்கற இடம் உங்க கடை. அதனால இங்கேர்ந்துதான் வரும்னு நானே முடிவு கட்டிட்டேன்.

— நானும் நகராட்சி ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். கடைத் தண்ணி பூரா பாதாளச் சாக்கடைக்குத்தான் போகுது, கடைக்குன்னு போட்ட கழிவுநீர்க் கட்டணத்தைத் தவறாமக் கட்டறேன், நூல் பிசிறு போகக் கூடாதுன்னு வலை கட்டி தினமும் அள்ளறேன்னு. விசாரணை முடியட்டும்மான்னாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. வாய்க்கால் உங்க பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிப் போகுது, பிள்ளைங்க காலெல்லாம் புண்ணு. யாரையாவது பிடிச்சாகணுமே.

— சீல் வெச்ச பிறகும் நாத்தம் போகலக்கா. அதான் நகராட்சி ஆய்வாளர் வீடு வீடா சோதனை பண்ண வந்தார். கக்கூஸ்ல பச்சைச் சாயத்தைக் கரைச்சு ஊத்துவாங்க. தெருமுனையில பாதாளச் சாக்கடை மூடியைத் தொறந்து வெச்சு ஒருத்தர் நிப்பார். பின்னாடி வாய்க்கால் ஓரமா இன்னொருத்தர். சாயம் எங்க வருதுன்னு பாப்பாங்க. ஊர்க்காரங்களுக்குக் கக்கூஸைக் காட்டக் கூச்சம். நான் தெருச் சங்கத்துச் செயலாளர் இல்லையா? முதல்ல எங்க வீட்டுல பண்ணுங்க, மத்தவங்க தானா வழிக்கு வருவாங்கன்னு சொன்னேன்.

— ம்.

— ஊத்தினாங்க. சாக்கடை மூடிகிட்ட நின்னவர் ஒண்ணுமே வரலைன்னார். கொஞ்ச நேரத்துல வாய்க்கால்கிட்ட நின்னவர் போன் பண்ணி, பச்சை வந்துடுச்சு சார்னு சொன்னார். ஆய்வாளருக்கே சங்கடமாப் போச்சு. எனக்காக இன்னொரு தடவை ஊத்தினார். அப்புறம் மூணாவது தடவையும் ஊத்தினார். மூணு தடவையும் வாய்க்கால்லதான் வந்துச்சு. மாசாமாசம் நாங்களும் கழிவுநீர்க் கட்டணம் கட்டறோம், அந்தக் குழாய்க்குள்ள எங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டுகூடப் போனதில்ல.

— ஒரு நிமிஷம் இருங்க, டீச்சர். சட்டை கருகிடும்.

— இஸ்திரிப் பொட்டியக் கீழ வெச்சிடுங்கக்கா. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சின்னது.

— இதுக்கு மேலயும் இருக்கா?

— இந்தச் சோதனை நடந்து பதினொரு நாள் ஆச்சு.

— பதினொரு நாளா?

— ஆய்வாளர் அறிக்கையை எழுத உக்காந்தார். நான் அவர் பக்கத்துல போய், சார், நான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவ, இது வெளிய தெரிஞ்சா வகுப்புக்குள்ள நுழைய முடியாதுன்னு சொன்னேன். எங்க வீட்டுச் சோதனைல தெளிவா முடிவு தெரியலைன்னு மட்டும் எழுதுங்க, ஒரு மாசத்துல சத்தமில்லாமக் குழாயை மாத்திடறேன்னு கெஞ்சினேன். அவரும் அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். அதனாலதான் உங்க சீலை இன்னும் எடுக்கல.

— அதுக்கப்புறம் தினமும் இந்த வழியாத்தானே பள்ளிக்கூடத்துக்குப் போனீங்க.

— போனேன். எதிர்ப் பக்கமா நடந்து போனேன். ஒரு நாள் நீங்க வெறும் தொட்டியைத் தொடைச்சிக்கிட்டு இருந்தீங்க. போன்ல பேசற மாதிரி காதுல வெச்சிக்கிட்டுப் போயிட்டேன். எதிர்முனையில யாருமே இல்ல.

— அதையும் பாத்தேன். பெரிய வேலையா இருக்கும்னு நெனச்சேன்.

— இன்னொண்ணும் இருக்கு. உங்க பேத்தி என் வகுப்புலதான் படிக்கறா. வாய்க்காலை அசுத்தம் பண்றது யாருன்னு படம் வரையச் சொன்னேன். எல்லாப் பிள்ளையும் உங்க கடையைத்தான் வரைஞ்சாங்க. அவளும் வரைஞ்சா. உங்களையே வாசல்ல நிக்க வெச்சு, கால்கிட்டக் கறுப்பாத் தண்ணி ஓடற மாதிரி. நான் அதைச் சுவத்துல ஒட்டி வெச்சேன்.

— தெரியும். வீட்டுக்கு வந்து அழுதா. ஏன்டி என்னை வரைஞ்சேன்னு கேட்டேன். நான் மட்டும் வேற வரைஞ்சா எல்லாரும் என்னையே பாப்பாங்க பாட்டின்னு சொன்னா.

— அக்கா, என்னைத் திட்டுங்க. நாலு வார்த்தை திட்டிடுங்க. அப்பவாவது மனசு ஆறும்.

— உங்க மனசு ஆறறதுக்கு நான் திட்டணுமா? சரி, இப்ப என்ன பண்றதா இருக்கீங்க?

— எழுதிக் கொண்டு வந்திருக்கேன். ஆபீசுக்கு ஒண்ணு, சங்கத்துக்கு ஒண்ணு. சாயங்காலம் கூட்டத்துல நானே படிக்கறேன். நாளைக்கு வகுப்புலயும் சொல்லிட்டு அந்தப் படத்தை எடுத்துடறேன். போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். குழாய் இப்படிப் போகுதுன்னு எங்க யாருக்குமே தெரியாது. எங்கப்பா ஒரு காகிதத்தைக்கூட மடங்காம வெச்சிக்கிற மனுஷர். அவர் எப்படி விட்டார்?

— இப்ப நீங்க உக்காருங்க, டீச்சர். நிக்க வேண்டாம்.

— ஏன்?

— உக்காருங்க. உங்க கல்யாணம் நடந்து இருபத்திரண்டு வருஷம் இருக்குமா? அந்தச் சமயத்துலதான் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்துச்சு. தொண்ணூறு நாளைக்குள்ள எல்லா வீடும் இணைச்சாகணும்னு நோட்டீஸ். கெடு முடியறப்போ உங்க கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்துச்சு. உங்க வீடு பள்ளத்துல இருக்கு. முறைப்படி இணைக்கணும்னா வாசலையும் கூடத்தையும் தோண்டணும். பந்தல் போட்ட வாசலை எப்படித் தோண்டறது? இப்போதைக்குப் பின்பக்கமா வாய்க்கால்ல விட்டுடு, கல்யாணம் முடியட்டும், மாத்திக்கலாம்னு உங்கப்பா சொன்னார். குழாய்க்காரரும் சரின்னார்.

— இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?

— அந்தக் குழாய்க்காரர் என் வீட்டுக்காரர், டீச்சர். முறைப்படி இணைச்சாச்சுன்னு நகராட்சிக்குக் குடுத்த பாரத்துல கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கல்யாணம் முடிஞ்சுது, அப்புறம் புதுசாத் தரை போட்டாங்க. இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டே உங்கப்பாவும் போய்ச் சேந்துட்டார். என் வீட்டுக்காரர் உங்க வீட்டுப் பின்சந்துப் பக்கமே போக மாட்டார். சுத்திக்கிட்டுத்தான் வருவார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, சாகறப்போ எங்கிட்ட மட்டும் சொன்னார்.

— அப்போ சீல் வெக்க வந்த அன்னிக்கே…

— அன்னிக்கே தெரியும். வாயத் தொறந்தா அவர் கையெழுத்து வெளிய வரும். பொய் சொல்லாத மனுஷன்னு இந்தத் தெருவே சொல்லும். கடை போனாப் போகட்டும், அவர் பேரு நிக்கட்டும்னு இருந்துட்டேன். பேத்தி படத்தைச் சொல்லி அழுதப்பக்கூட, நம்ம கடையில்லடி கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லல. பிள்ளைங்க புண்ணோட நொண்டிக்கிட்டுப் போறதை இந்தப் பலகைகிட்ட நின்னு தினமும் பாத்தேன். நீங்க பதினொரு நாள் மறைச்சீங்க. நான் ஆறு வருஷம்.

— அவர் பேரை நான் எழுத மாட்டேன். எங்கப்பா செஞ்சார், நான் மறைச்சேன். அவ்வளவுதான். உங்களை நான் திரும்பவும் இதுல இழுக்க மாட்டேன்கா.

— அந்தக் காகிதத்தைக் குடுங்க, டீச்சர். பேனாவும். எங்கே எழுதணும்னு மட்டும் காட்டுங்க, அவர் பேரை நானே எழுதறேன்.