குப்பையில் போட்ட பேர்

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு கதை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் காதில் விழும். மறுபக்கம் உங்களுக்கே விளங்கிவிடும். கள்ளக்குறிச்சியில் லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டுப் பதிகிறவள் கோகிலவாணி. வெள்ளிமலை ஆயம்மாளின் சாமை அறுப்புப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தாள். கூட்டாளி வெற்றிவேல் அதைத் தன் பேரில் மேடையேற்ற, அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டான். இப்போது மேடையிலிருந்து அவனே போனில் கூப்பிடுகிறான்.

“அலோ... ஆமா, வாணிதான். சொல்லுங்க சார்... இன்னா, சத்தமே வரலியா? ஐயய்யோ...

ஆமா, ஆமா... கேக்குது, ஜனம் விசிலடிக்குது... ஒயரப் புடுங்காத, ஒயர்ல ஒண்ணுமில்ல. பாட்டெல்லாம் கோத்து வச்ச செஷனத் தொறந்தியா? இன்னா காட்டுது?... காத்துக்கினு கீதா? ம்ம்... அப்படித்தான் காட்டும்.

கூடவே உக்காந்துகினு இருந்தியே, தெரியாதா? அதுல நாலு புரோகிராம். பாட்டுக்கு ஒண்ணு, மேளத்துக்கு ஒண்ணு, எதிரொலிக்கு ஒண்ணு... இரு, சொல்றேன். செஷன் மேனேஜரு ஒவ்வொண்ணையும் கூப்ட்டு ‘ரெடியா’ன்னு கேக்கும். நாலும் ரெடின்னாத்தான் சத்தத்த வுடும். கச்சிராயபாளையம் ஜீப்பு மாரி... ஆளு கொறஞ்சா வண்டி எடுக்காது.

நாலாவதா? அத நீதான சொல்லணும். எதத் தூக்கிப் போட்ட?... சத்தமா சொல்லு... ஆங். பாடுனவங்க பேரச் சொல்றத!

வேணும்னுதான் அப்படிக் கோத்து வச்சேன்... எம் பேருக்கா? இல்லடா. அந்தம்மா கூலிய வுட்டுட்டு, மலப்பாத பஸ்ல வாந்தியெடுத்துகினு வந்து பாடுச்சு. அது பேரு ஒனக்குக் குப்ப.

கத்து, கத்து... வச்சிரட்டா?... ஆங், அப்படி வா வழிக்கு. குப்பத்தொட்டியத் தொற. கீதா? நீ போட்டதுதான, நீயே கைய வுட்டு எடு... எடுத்த எடத்துலயே வையி.

முன்னால யாரு உக்காந்துகினு கீறாங்க?... ஆயம்மாளே வந்துகீதா! நல்லதாப் போச்சு. இப்பத் தொற...

ஒண்ணு ரெடியா? ரெண்டு... மூணு... நாலு. பேசாத. ஷ்... ‘பாடியவர், வெள்ளிமலை ஆயம்மாள்’... அடேங்கப்பா, இன்னா கைதட்டு! வெற்றி, பின்னால பேனர்ல யாரு பேரு போட்டுகீற? திரும்பி ஒருவாட்டி படியேன்... அழுவுதா? ஆயம்மாளா? அழுவட்டும். நீயும் நின்னு பாரு.

இன்னா? நாளைக்கு அதத் தூக்கிடுவியா? தூக்கு ராஜா... நாளைக்கும் ஊமையா நிப்ப. எந்த ஊரு மேடையில தொறந்தாலும் மொதல்ல அந்தம்மா பேரு... அலோ? அலோ?...”

வைத்துவிட்டான். கேட்ட கண்ணுங்களா, உங்கள் வீட்டு உலை நிறையப் பொங்கட்டும்; உங்கள் பிள்ளைகள் பாடுகிற பாட்டு அவர்கள் பேரோடே ஊர் சுற்றட்டும்.