ஒப்புக்கொடுத்த நோவு

செண்பகனூரில் மூடுபனி இறங்கிவிட்டால் நல்ல முழங்காலே முனகும், ஐயா. வயதானவர்கள் பாட்டைக் கேட்கவே வேண்டாம். அதனால் எனக்குச் சோலி குறைந்ததே இல்லை. இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைப்பது, காலுக்கு அடியில் தலையணை அண்டை கொடுப்பது, தைலம் தேய்த்துக் கைத்தாங்கலாக நாலு எட்டு நடக்க வைப்பது, இதுதான் என் வேலை. சகாயராணி என்று பெயரைச் சொன்னால் எந்த வீட்டிலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். உட்கார்ந்தே பேசுகிறேன், களைப்பாக இருக்கிறது.

இசபெல்லா டீச்சரம்மா வீட்டுக்கு நான் போனது அறுபத்தொன்றாம் வருஷம். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடுப்பெலும்பு தேய்ந்து, படுத்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. வலிக்கு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. மாத்திரை டப்பா என் பொறுப்பு.

நீங்கள் எங்கள் வேதம் இல்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன். செத்துப்போன ஆத்துமா நேரே மோட்சத்துக்குப் போய்விடாது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வெந்து, பாவம் தீர்ந்த பிறகுதான் போகும். பூமியில் இருக்கிற ஒருவர் தன் நோவைப் பொறுமையாகச் சகித்து, அந்த ஆத்துமாவுக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தால் அதன் வேதனை குறையும். டீச்சரம்மா அதில் கெட்டி. வலி எழும்பும்போதெல்லாம் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, இந்த நோவை இன்னாருக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்பார்.

என் புருஷன் சிலுவைராஜ் கவுஞ்சிப் பக்கம் மரம் வெட்டப் போன இடத்தில் மரத்தடி மேலே உருண்டு செத்தான். குடித்திருந்தான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும்போது எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் இல்லை. அவனை நல்லவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் நெருப்பில் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பட்டினி கிடந்து பார்த்தேன், கல் தரையில் முழங்காலிட்டுப் பார்த்தேன். எனக்குப் பாறை உடம்பு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு இரண்டும் வந்ததில்லை. ஒப்புக்கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

டீச்சரம்மாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன ராணி, இன்னையிலேர்ந்து உன் புருசனுக்குத்தான்" என்றார். சொன்னபடியே செய்தார். ஆனால் மாத்திரை உள்ளே போனதும் முகம் தெளிந்து தூங்கிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நோவே இல்லாதவர் எதை ஒப்புக்கொடுப்பார்? இங்கே அவர் சுகமாகத் தூங்கும் நேரமெல்லாம் அங்கே அவன் வெந்துகொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கிற கால்சியம் மாத்திரை பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். டப்பாவில் அதைப் போட்டு வைத்தேன். டாக்டர் கொடுத்ததை அடுப்பில் போட்டேன். நான் விற்றுத் தின்றதாக டீச்சரம்மாவின் தம்பி மகன் பரமானந்தம் உங்களிடம் சொன்னாராம். அது அபாண்டம். அதை மட்டும் எழுதாதீர்கள்.

மற்றபடி நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வெந்நீர்ப் பையை ஆறவிட்டதில்லை, தைலம் தேய்க்கச் சலித்ததில்லை.

"மாத்திரை கேக்கவே மாட்டேங்குது ராணி. இன்னொன்னு குடுக்கக் கூடாதா?"

"கூட்டிக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க, டீச்சரம்மா."

"சரி, செபமாலையை எடு. அவனாவது கரையேறட்டும்."

டாக்டர் வந்தால் டீச்சரம்மா வாயைத் திறக்கமாட்டார். நோவைச் சொல்லிப் புலம்பினால் ஒப்புக்கொடுத்தது வீணாகிவிடும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அடுத்த வருஷம் கவுஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு நல்லுசாமி அண்ணன் வந்தார். சிலுவைராஜோடு மரம் வெட்டியவர். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உசிரு போறதுக்கு முந்தி வெள்ளைக்காரச் சாமியாரு ஒருத்தரு அந்த வழியா வந்தாருல்ல. நெத்தியில எண்ணெய் பூசி, காதுல என்னமோ சொன்னாரு. இவனும் அழுதுக்கிட்டே என்னமோ சொன்னான். பெறகுதான் கண்ணை மூடுனான்."

"ஏண்ணே, இதை அப்பவே சொல்லலை?"

"அது பெரிய சங்கதின்னு எனக்கு என்ன தெரியும் தாயி?"

அவர் பழனிக்குக் காவடி எடுப்பவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம், டாக்டர் புதிதாகக் கொடுத்திருந்த நிஜ மாத்திரையைக் கையில் எடுத்தேன். கொடுத்திருந்தால் டீச்சரம்மா வெரசாகத் தூங்கியிருப்பார். விழித்ததும், இத்தனை நாளும் இது ஏன் கேட்கவில்லை என்று யோசித்திருப்பார். படித்தவர் அல்லவா. சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்றால், முதலில் அந்த அம்மாவிடம் ஒத்துக்கொள் என்பார். மாத்திரையை அடுப்பில் போட்டுவிட்டு வெந்நீர் வைத்தேன்.

அதன்பிறகு டீச்சரம்மா நடக்கவே இல்லை. ஐப்பசி மழையில் சாப்பாடும் நின்றது. கடித்துக் கடித்து உதடெல்லாம் புண். ஒருநாள் வெள்ளனே நான் பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள், கட்டிலிலிருந்து விழுந்து அலமாரி வரைக்கும் தவழ்ந்து போயிருக்கிறார். டப்பா திறந்து கிடந்தது. வாயோரமெல்லாம் வெள்ளை மாவு. அத்தனையும் கால்சியம். உடம்பு குளிர்ந்திருந்தது.

அடக்கத்துக்கு வந்த இடத்தில் பரமானந்தத்துக்குப் பல்வலி. டப்பாவில் மிச்சம் இருந்ததில் இரண்டைப் போட்டுப் பார்த்து, கேட்கவில்லை என்று டாக்டரிடம் கொண்டு போனார். டாக்டர் போலீசுக்குச் சொல்லி, அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள்.

புருஷன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான் என்று தெரிந்த பிறகும் ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். வயதானவரை இப்படி நோகவிட்டது பாவம் என்று எனக்குத் தெரியும், ஐயா. நான் மிருகம் இல்லை. அந்தப் பாவம் என் தலையில் கிடந்தது, அதற்கும் யாராவது நோகத்தானே வேண்டும். தெரிந்தவள் ஒருத்தி பெரும்பாவம் செய்துவிட்டாள், இனி அவளுக்காக ஒப்புக்கொடுங்கள் என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். யார் என்றுகூடக் கேட்கவில்லை. கடைசிவரை எனக்காகத்தான் ஒப்புக்கொடுத்தார். இன்னும் ஒரு மழைக்காலம் அவர் இருந்திருந்தால், நான் அவருக்குச் செய்தது முழுக்கத் தீர்ந்திருக்கும்.