பன்னிரண்டாவது தாள்

கல்லச்சுப் படங்களை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. மை வெளிறிவிடும். நான் எந்தச் சுவரிலும் மாட்டவில்லை. நீங்கள் மாடியில் பார்த்த இழுப்பறைகளில், இடையிடையே மெல்லிய தாள் வைத்து, ஒன்பது வருடமாகப் பாதுகாத்தேன். ஒரு பூச்சி அண்டியதில்லை.

வரைந்தவன் என் தம்பி. வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் எதையோ வரைவான். மை தடவி, தாளை வைத்து அழுத்துவான். பன்னிரண்டு தாள் எடுத்ததும் கல்லைத் தேய்த்து வெறுமையாக்கிவிடுவான். அதன்பிறகு உலகத்தில் அந்தப் படம் பன்னிரண்டுதான். ஒரு கறுப்புத் திட்டு, அதை வெட்டிப் போகும் சிவப்புக் கோடு, இவ்வளவுதான் இருக்கும். எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பல் பிடுங்குகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு?

ஆனால் பன்னிரண்டையும் நான்தான் வாங்கினேன். ஒவ்வொரு முறையும், வெவ்வேறு பெயர்களில், அவன் படங்களை விற்றுக்கொடுக்கும் கடைக்காரர் வெளியே எடுத்து வைப்பதற்கு முன்பே.

சின்ன வயதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் அவனைத்தான் தேடுவார்கள். என்னைப் பார்த்து, "நீ அவனோட அண்ணனா?" என்பார்கள். என் கல்யாணத்தன்றுகூட ஒருவர் அப்படித்தான் கேட்டார். வெறுப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவன் குடத்திலிட்ட விளக்காக இருந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வான்: "விக்கிறது எல்லாம் வித்துடுதுண்ணா. ஆனா பாத்தேன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல. கெணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு."

"பொறுமையா இருடா," என்று இன்னும் கொஞ்சம் பரிமாறுவேன். அன்றைக்கெல்லாம் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

போன வாரம் ஒரு அருங்காட்சியகம் அவனுக்கு ஒரு கூடம் ஒதுக்கியது. படங்களை இரவல் கேட்பதற்காக, கடைக்காரரை நச்சரித்து, வாங்கியவர்களின் விலாசங்களைப் பிடுங்கியிருக்கிறான். ஏழு பெயர், ஒரே விலாசம். செவ்வாய்க்கிழமை காலை வந்தான். நேரே மாடியேறி இழுப்பறைகளை இழுத்தான். கத்தப்போகிறான் என்று காத்திருந்தேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "இத்தன வருஷமா நீதானாண்ணா?"

பாசம் என்று நினைத்துவிட்டான். சட்டையைப் பிடித்திருந்தால் மன்னித்திருப்பேன். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எடுத்துட்டுப் போடா," என்றேன்.

மேல் இழுப்பறையில் இருந்த பன்னிரண்டையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினான். நான் பின்னால் நின்றேன். ஓங்கித் தள்ளவில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்தேன், அழுத்தினேன். தாள்களை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றியிருந்தால் பிழைத்திருப்பான். விடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

உங்களுக்குப் போன் செய்ய நாற்பது நிமிடம் ஏன் ஆனது என்று கேட்டீர்கள். படியெல்லாம் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கி, தூசி தட்டி, வரிசையாக அடுக்கினேன். "அண்ணா, யாரையாச்சும் கூப்பிடு," என்று இரண்டு முறை சொன்னான். எண்ணிப் பார்த்தபோது பதினொன்றுதான் இருந்தது. மீதி ஒன்று அவன் விரல்களுக்குள் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பிடி தளரும்வரை காத்திருந்தேன். இழுத்தால் தாள் கிழிந்துவிடும்.