மலை வண்டியில் ஒரு விசில்

கியர் பெட்டியில் ஆயில் மாற்றும்போது, ஊற்றுகிற மேல் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும் ஐயா. அவசரக்காரர்கள் கீழ் போல்ட்டைத் திறந்து பழைய ஆயிலைக் கொட்டிவிடுவார்கள். பிறகு பார்த்தால் மேல் போல்ட் துருப்பிடித்து அசையாது, வண்டியும் அசையாது. நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எதையும் யோசித்துச் செய்கிறவன் நான்.

பட்டறைக்கு வரும் டிரைவர்கள் என்னை ஸ்டெதாஸ்கோப் என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி எதுவானாலும் எனக்கு ஒரு சுற்று போதும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் முனகல் நின்றால் பின் அச்சு. நிற்கிற வண்டியில் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பெட்டி. முன் சக்கர லீவரைப் போட்டதும் கூடினால், கியர் பெட்டியை ஒட்டி இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். "ரெண்டு தெரு தள்ளிப் போற பேரிங் இவருக்குக் கேக்கும், நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்று மனைவி கேலி செய்வாள். இப்போதெல்லாம் அதைச் சிரிக்காமல் சொல்கிறாள். எங்கள் தெருவில் குருவிகள் கத்துவதும் நின்றுவிட்டது. காலம் கெட்டுக் கிடக்கிறது.

தம்பி அவனுடைய வண்டியைக் கொண்டுவந்தான். மலைமேல் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. அப்பா போனபிறகு நான் வளர்த்த பிள்ளை அவன்; ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். ஓட்டிப் பார்த்தேன். பட்டறையில் என்னிடம் வேலை செய்யும் மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், விசில் மாதிரி ஒண்ணு வருதே, டிரான்ஸ்ஃபர் பெட்டியில. உங்களுக்குக் கேக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆயில் கொஞ்சம் கம்மி."

மேல் துளையில் விரலை விட்டால் விளிம்பில் தட்டுகிற அளவுக்கு ஆயில் ஊற்றினேன். மைத்துனன் மறுபடி ஓட்டிவிட்டு வந்து, எல்லார் முன்னாலும், இன்னும் வருகிறது என்றான். "ஸ்டெதாஸ்கோப்புல பஞ்சு அடைச்சுக்கிச்சு போல" என்றார் ஒரு டிரைவர். அவர்கள் சிரிக்கட்டும், வெளியாட்கள். தம்பியும் சிரித்தான். "வயசாயிடுச்சுல்ல அண்ணே, இனிமே இவனே பாக்கட்டும்" என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மைத்துனனைச் சாமான் வாங்க அனுப்பிவிட்டு, வண்டியைத் தாங்கியில் ஏற்றி, கியரில் போட்டு ஓடவிட்டேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பெட்டியில் வைத்து, கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். தேர்ந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்; உள்ளே இருக்கும் அதிர்வு பல்லுக்குத் தெரிந்துவிடும். மணலை மெல்வது போல இருந்தது. உள்ளே பின் பேரிங் பொடிந்துகொண்டிருந்தது.

பெட்டியை இறக்கிப் பேரிங் மாற்றுவது எனக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் இறக்கினால் மைத்துனன் சொன்னது சரி என்று ஆகிவிடும். பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் அள்ளி வந்து, நைசாகச் சலித்து, கெட்டி ஆயிலில் குழைத்து ஊற்றினேன். பழைய வண்டியை ஏமாற்றி விற்கும் தரகர்கள் செய்கிற வேலை. சத்தம் அடங்கும், பேரிங் இன்னும் சீக்கிரம் சாகும். அந்த மாதிரி ஆட்களை நான் பட்டறைக்குள் விட்டதே இல்லை.

மறுநாள் எல்லாரும் ஏறிப் பார்த்தார்கள். "எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு அத்தான்" என்று மைத்துனன் தலையைச் சொறிந்தான். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சமவெளியில் ஓட்டினால் வண்டி பல நாள் தாங்கும். மலையில், நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும்போது, தாங்காது. தம்பி மனைவிக்கு அம்மா வீடு மலைமேல். கிளம்பும் முன் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"புள்ளையையும் கூட்டிட்டுப் போறோம் மாமா. நம்பி ஏறலாமா?"

மைத்துனன் பக்கத்தில்தான் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் நான் என்ன சொல்ல முடியும்?

"தாராளமா ஏறும்மா" என்றேன். குழந்தையின் கன்னத்தையும் தட்டினேன்.

இறக்கத்தில் பெட்டி இறுகி, நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. தம்பியும் குழந்தையும் போய்விட்டார்கள். அவள் மட்டும் கால் ஒடிந்து கிடக்கிறாள். பெட்டி பள்ளத்தில் நொறுங்கியதில் ஆயிலும் தூளும் மண்ணோடு போயின. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நேற்று அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜனம் நிறைந்த வார்டில், என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்கிறாள்: "மாமா மேல தப்பில்ல. அவருக்குக் காது போயிடுச்சு. பாவம், சத்தம் கேட்டிருந்தா விட்டிருப்பாரா?" அதைக் கேட்டு மைத்துனனும் அழுதான். பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். ஸ்டேஷனில் நீங்களும் காது மந்தம், கவனக்குறைவு என்று கேஸை முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

அது பொய் ஐயா. பேரிங் போனது எனக்குத் தெரியும். ஏறலாமா என்று அவள் கேட்டபோது, அது மலை இறங்காது என்பதும் தெரியும். தெரிந்துதான் ஏற்றி அனுப்பினேன். அவளிடம் போய்ச் சொல்லுங்கள், அந்த வார்டில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: என் காதில் ஒரு குறையும் இல்லை.