ஏழாம் எண் முத்திரை

பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி. வயது ஐம்பத்து நான்கு. சிறையின் கடிதத் தணிக்கைப் பிரிவில் இருபத்தொரு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். என் முத்திரை எண் ஏழு. யாரும் மிரட்டாமல் சொல்வதாவது:

கைதிகள் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் நோய், சாப்பாடு, காவலர் பற்றிய வரிகள் வெளியே போகக்கூடாது. எனக்கு முன்பிருந்தவர் கத்தரிக்கோலால் வெட்டினாராம். பின்பக்கத்து வரியும் சேர்ந்து போகிறது என்று குடும்பங்கள் புகார் செய்ததால், என் காலத்தில் கறுப்பு மை வந்தது. மை பூசுமுன் அந்த வரியை, நீக்கப் பதிவேடு என்ற புத்தகத்தில் அப்படியே நகல் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு கடிதத்தின் மூலையில் அவரவர் முத்திரை.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, அச்சகத் தொழிலாளி ஒருவர் சிறையில் இறந்தார். அவர் எந்த நோயையும் சொன்னதில்லை என்று கண்காணிப்பாளர் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு பன்னிரண்டாம் தேதி காலை, அவருடைய மனைவி ஐந்து கடிதங்களுடன் என் சன்னலுக்கு வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்ததில் தாள்கள் கசங்கியிருந்தன.

"இங்க என்னண்ணே எழுதியிருந்தாரு? ஒரு வரியாவது சொல்லுங்க."

சொல்லக்கூடாது. சொன்னேன். மாத்திரை தீர்ந்துவிட்டது, கேட்டால் தருவதில்லை, நெஞ்சு வலிக்கிறது, வக்கீலிடம் சொல்லி மனுப் போடு. ஐந்திலும் இதுதான். முதல் கடிதத்துக்கும் சாவுக்கும் நடுவே ஐம்பது நாள் இருந்தது.

அவர் அழவில்லை. மூலையைத் தொட்டு, "இந்த ஏழாம் நம்பர் யாருண்ணே?" என்றார்.

"அவரு மாத்தலாகிப் போயிட்டாரும்மா" என்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு அன்று மாலை, பதிவேட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப்போய் அவர் வீட்டில் கொடுத்தேன். திருட்டு என்றால் திருட்டுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவனுக்கு ஒரு புத்தகத்தை மறைப்பது பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு நகலுக்குக் கீழும் ஏழு என்று போட்டு என் பெயர் இருப்பது தெரிந்தேதான் கொடுத்தேன். அவர் அதை நீதிமன்றத்தில் ஒப்படைத்து, சாவுக்குக் காரணமானவர்களில் என்னையும் சேர்க்கக் கேட்டிருப்பதாக அறிகிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட காவல் ஆய்வாளர், "மாத்திரை விஷயம் எதுக்கு பெரியவரே? விட்டுடுவோமே" என்றார். முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னேன். அந்த வரி இருக்கிறது. மேலே உள்ளது நான் சொன்னதே, உண்மையே, ஒரு வரியும் குறையவில்லை என்று பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)